மஞ்சள் கோட்டுக்குள் அறுவடை மெஷின்

ரயில் பெட்டியும் என்ஜினும் செய்கிற பெரிய கம்பெனிகளுக்கு, உதிரிப்பாகம் தரக்கூடிய சிறு பட்டறைகளைத் தேடிப்பிடித்து அறிமுகம் செய்துவைப்பது என் வேலை. சென்னையில் ஆறு பேர் உட்காரும் ஒரு அலுவலகம். சேர்த்துவைத்தால் அலுவலகத்துக்குக் கமிஷன், சேராவிட்டால் பயணச் செலவு நஷ்டம். அந்த வேலையாகத்தான் இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், தஞ்சாவூர் வழியாகத் திருத்துறைப்பூண்டி போய்வந்தேன். இதே மாதிரி ஆய்வாளரை அழைத்துக்கொண்டு டெல்டாவுக்குப் போகிறவர்களுக்கும், சொந்தப் பட்டறைக்கு ஆய்வாளர் வரப்போகிறவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். வயல்வெளியின் பச்சையைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். நான் கீழ்வேளூர்க்காரி. என் அம்மா நாற்று நட்டே இடுப்பு போனவர். எனக்கு அந்தப் பச்சை அழகாகத் தெரிவதில்லை.

முதலில் முருகையன் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாற்பது வயது, ஐ.டி.ஐ. படிப்பு, பதினைந்து வருடம் வெளியூர்களில் வெல்டர் வேலை. இப்போது திருத்துறைப்பூண்டிக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால், மன்னார்குடி சாலையில் சொந்தமாகத் தகர ஷெட். ரயில் பெட்டிக்கு அடியில் ஓடும் பிரேக் காற்றுக்குழாயைப் பிடித்து நிறுத்த ஒரு இரும்பு பிராக்கெட் உண்டு. அதன் மாதிரிகளை அவர் செய்து அனுப்பினார். அத்தனையும் சோதனைக்கூடத்தில் தேறின. பாக்கி இருந்தது ஒன்றுதான்: கம்பெனியிலிருந்து ஒருவர் நேரில் வந்து பட்டறையைப் பார்த்துச் சரி என்று எழுத வேண்டும். எழுதினால் முருகையன் பெயரில் சப்ளையர் எண் கிடைக்கும். அந்த எண் இருந்தால் ஆர்டர் நேராக அவருக்கு வரும். இல்லாவிட்டால் காலம் முழுக்க யாரோ ஒருவருக்குக் கூலி வேலை. இதற்காகவே கடன் வாங்கிப் புது வெல்டிங் மெஷின் போட்டிருந்தார். ரயில் வேலைக்குத் தனி இடம் வேண்டும், வேறு வேலை அங்கே கலக்கக் கூடாது என்பது விதி. அதனால் ஷெட்டின் ஒரு பாதியில் தரைக்குப் பெயின்ட் அடித்து, சுற்றி மஞ்சள் கோடு போட்டு, திரை கட்டி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

தேதியை மாசிக் கடைசிக்குத் தள்ளி வைக்கச் சொல்லிக் கம்பெனிக்கு இரண்டு முறை எழுதினேன். தையில் அங்கே சம்பா அறுவடை, ஊரே வயலில் இருக்கும் என்று காரணமும் சொன்னேன். "நம் அட்டவணைக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பதில் வந்தது.

எழும்பூரிலிருந்து இரவு ரயில். காலை ஐந்தேகாலுக்குத் தஞ்சாவூர். ஸ்டேஷனுக்கு எதிரே குளித்து உடை மாற்ற அறை மூன்று மணி நேரத்துக்கு 400 ரூபாய். கேட்டால் குறைக்கிறார்கள். பெண் தனியாக வந்தால் ஆதார் நகலை மட்டும் இரண்டு முறை கேட்கிறார்கள். நாள் வாடகைக் கார் 4,500 ரூபாய். மாலையில் திருச்சி விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதும் சேர்த்து. டிரைவர் பெயர் பாஸ்கர். எட்டரை மணிக்கு, ஆய்வாளர் முந்தின நாளே வந்து தங்கியிருந்த ஓட்டலுக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டோம்.

ஆய்வாளர் ரகுராமனுக்கு ஐம்பது வயதிருக்கும். கெட்ட மனிதர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் பாட்டிலை எனக்கு நீட்டிவிட்டுத்தான் தான் குடித்தார். வண்டி நகர்ந்ததும், "எங்க தாத்தாவுக்கு இந்தப் பக்கம் கோட்டூர்ல ஆறு வேலி நிலம் இருந்ததும்மா. எல்லாத்தையும் வித்துட்டு எங்களைப் படிக்க வெச்சாரு" என்றார். ஆறு வேலி என்றால் நாற்பது ஏக்கர். அதில் உழுதவர்கள் பிள்ளைகளை எதை விற்றுப் படிக்கவைத்தார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. வேலை நாள் என்பதால் தலையாட்டினேன்.

தஞ்சாவூரிலிருந்து வடுவூர், மன்னார்குடி, கோட்டூர் வழியாக மொத்தம் 65 கிலோமீட்டர். மற்ற மாதங்களில் ஒன்றே முக்கால் மணி நேரம் போதும். வடுவூர் ஏரியைத் தாண்டும்போது முருகையன் போன் செய்தார். பின்னால் கிரைண்டர் சத்தம் கேட்டது.

"மேடம், எங்க வந்துட்டீங்க?"

"வடுவூர் தாண்டியாச்சு."

"அய்யய்யோ. ஒரு மணி நேரம் எங்கயாச்சும் நிறுத்தி வைங்களேன்."

"என்ன ஆச்சு?"

"வந்ததும் சொல்றேன் மேடம்."

மன்னார்குடியில் காபி நன்றாயிருக்கும் என்று ரகுராமனிடம் சொல்லிப் பார்த்தேன். "காலையிலேயே ரெண்டு குடிச்சாச்சும்மா. போய் முடிச்சிடுவோம், ராத்திரி எட்டு மணிக்கு ஃப்ளைட்" என்றார். மன்னார்குடிப் பெரிய கோயில் தெப்பக்குளத்தைக் காட்டப் பார்த்தேன். அதையும் ஓடும் காரிலிருந்தே கும்பிட்டுக்கொண்டார்.

கோட்டூருக்கு முன்னால் சாலை எனக்கு உதவியது. ஒரு பக்கம் முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள், அரை கிலோமீட்டர் நீளத்துக்கு. மறுபக்கத்தில் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. நடுவில் ஒரு வண்டி போகும் இடம், அதில் எதிரும் புதிருமாக இரண்டு பேருந்துகள்.

"ஏம்ப்பா, ரோட்டுல நெல் காயப்போடறது சட்டப்படி தப்பு இல்லையா?" என்றார் ரகுராமன்.

"தப்புதான் சார்" என்றார் பாஸ்கர். "ஈரமா இருக்குன்னு கொள்முதல்ல மூட்டையைத் திருப்பி அனுப்புறான் பாருங்க, அது சட்டப்படி சரி. காயவைக்கக் களம் கட்டிக் குடுக்கலை பாருங்க, அதுவும் சரி. இவங்க பண்றது மட்டும்தான் தப்பு."

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கார்க் கண்ணாடியைத் தட்டினார். "தம்பி, ஏறாம போயிடு. ஏறினா நீயே வந்து கல்லு பொறுக்கிக் குடு." பாஸ்கர் ஏறாமல் போனார். அதற்கு நாற்பது நிமிடம் பிடித்தது. பத்தரைக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள் பதினொன்று பத்துக்குச் சேர்ந்தோம். அந்த நாற்பது நிமிடமும் போதவில்லை.

திரை விலக்கிக் கட்டியிருந்தது. மஞ்சள் கோட்டுக்குள், பெயின்ட் அடித்த தரையில், ஒரு அறுவடை மெஷின் நின்றது. ஈர வயலில் இறங்குவதற்காகச் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட் போட்ட வண்டி. வாசலிலிருந்து உள்ளே வரை பெல்ட் தடத்தில் சேறு. முன்பக்கம் கதிரை வளைத்து இழுக்கும் பகுதியைத் தாங்குகிற இரும்புக் கை உடைந்திருந்தது. அதற்கு அடியில் மல்லாந்து படுத்து முருகையன் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார், ரயிலுக்காக வாங்கிய மெஷினில். பழைய மெஷினை விடியற்காலையிலேயே அவர் தம்பி இன்னொரு உடைந்த வண்டிக்காக எடவாசலில் ஒரு வயலுக்கு எடுத்துப்போயிருந்தார்.

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், எல்லாரும் முருகையனின் தெருக்காரர்கள். அதில் வயதானவர் ஒருவர், பெயர் கோவிந்தராசு என்று பிறகு தெரிந்தது, ரகுராமனின் சட்டையையும் கையிலிருந்த அட்டையையும் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"சார் பயிர் இன்சூரன்ஸா?"

"இல்லீங்க, நான் ரயில்வே சாமான் கம்பெனி."

"ரயிலா? ரயில் எங்கயும் போயிடாது சார். சாயங்காலம் மழைன்னு டிவியில சொல்லிட்டான். பதினோரு ஏக்கர் அறுக்காம நிக்குது, அத்தனையும் எங்க தெருக்காரங்க துண்டு துண்டாக் குத்தகைக்கு எடுத்த நிலம். நாலு நாளா அலைஞ்சு இந்த வண்டி இன்னைக்குத்தான் கிடைச்சுது. இறங்கின அரை மணியில உடைஞ்சிடுச்சு."

முருகையன் வெளியே வந்தார். முகமூடியைத் தூக்கியதும் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு ரகுராமனை. "வணக்கம் சார். பத்து நிமிஷம். முடிஞ்சுது." முடித்தார். மெஷின் வெளியே போனது. போகும்போது மஞ்சள் கோட்டில் ஒரு கஜம் பெயின்டைப் பெயர்த்துக்கொண்டு போனது.

முருகையனின் மனைவி தமிழரசி, பட்டறைக் கணக்கும் அளவு சரிபார்ப்பும் அவர்தான், வாளியும் துடைப்பமுமாக வந்து தரையைக் கழுவ ஆரம்பித்தார். ரகுராமன் அதை ஓரமாக நின்று பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் பார்த்தார்: அளவுக் கருவிகள், வெல்டிங் கம்பி வைத்திருந்த பெட்டி, செய்துவைத்திருந்த பிராக்கெட்டுகள். இரண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "வெல்டிங் ரொம்ப சுத்தமா இருக்கு. பொய் சொல்லக் கூடாது" என்றார். டீ வந்தது. பேச்சோடு பேச்சாக முருகையனிடம் கேட்டார்:

"உங்களுக்குச் சொந்த ஊர் கோட்டூர்னு சொன்னாங்களே. கோட்டூர்ல எந்தத் தெரு?"

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: தெருப் பெயர் சொன்னால் சாதி சொன்ன மாதிரி. முருகையன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், "தெரு விளக்கு எரியாத தெரு சார்." தமிழரசி சிரித்துவிட்டார். ரகுராமனும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

பிறகு எழுதினார். ரயில் பணிக்கெனத் தனிப்பகுதி நடைமுறையில் இல்லை. பரிந்துரைக்கப்படவில்லை. மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"கழுவியாச்சு சார், நாளைக்கு வந்து பாருங்களேன்" என்றார் தமிழரசி.

"நாளைக்கு ஓசூர்ல இருக்கணும்மா. நான் உங்களைத் தப்பு சொல்லலை. ஆனா கண்ணால பார்த்ததை எழுதாம இருக்க முடியாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் மனது கேட்கவில்லை. "ஒண்ணு பண்ணுங்க முருகையன். சென்னைக்குப் பக்கத்துல எங்க பழைய சப்ளையர் ஒருத்தர் இருக்கார். அவருக்கு ஜாப் ஒர்க்கா இதே பிராக்கெட்டைப் பண்ணிக் குடுங்க. அவரு எங்களுக்குக் குடுப்பாரு. நான் சொல்லி வைக்கிறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இதே ஷெட், இதே மெஷின், இதே ஆள். அதே சேறு. அது பரவாயில்லையா?"

"அது அவரோட பொறுப்பும்மா. எங்க பேப்பர்ல வராது."

சாப்பிட அழைத்தார்கள். நேரமாகிவிட்டது என்று அவர் காரில் ஏறினார். திருச்சி அந்தப் பக்கம், எனக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லி நான் ஏறவில்லை. வேலை ஒன்றும் இல்லை.

கார் போனதும் முருகையனிடம் கத்தினேன். வேண்டாம், ஒத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் அப்பா அறுத்த நெல்லை ஒருவர் வீட்டுப் பத்தாயத்தில் கொட்டினார், நீங்கள் செய்வதை இன்னொருவர் பில்லில் கொட்டவா என்றெல்லாம். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே கேட்டார். கழுவி முடித்துத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க கோவப்படுங்க தங்கச்சி, ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துடும். நான் கோவப்பட்டா மெஷினுக்கு டியூ யாரு கட்டுவா? உட்காருங்க, சோறு ஆறுது."

சாப்பிட்டேன். கெளுத்தி மீன் குழம்பு. அந்தக் கோபத்திலும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மாலை நான்கு மணிக்குச் சாலைக்கு வந்து மன்னார்குடி பேருந்து ஏறினேன், அங்கிருந்து தஞ்சாவூருக்கு இன்னொன்று. இரண்டும் சேர்த்து 62 ரூபாய். வடுவூர் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டர் பாதிக்கு மேல் இறங்காத பேருந்து. நனைந்துகொண்டே தமிழரசிக்குப் போன் செய்தேன். பதினோரு ஏக்கரில் ஒன்பது அறுத்தாகிவிட்டது என்றார். மீதி இரண்டு கோவிந்தராசுவுடையதாம். தன்னுடையதைக் கடைசியில் அறுக்கச் சொல்லியிருந்தாராம்.

தஞ்சாவூர் ஸ்டேஷனில் என் முதலாளி கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். "ஜாப் ஒர்க்கா? அதுவும் சேர்த்துவெச்ச கணக்குதானே? சென்னை பார்ட்டிகிட்ட கமிஷன் பேசிக்கறேன். நல்ல வேலை" என்றார். உள்நாட்டுச் சிறு உற்பத்தியாளர்களைப் பெரிய கம்பெனிகளுடன் இணைக்கிறோம் என்று எங்கள் அலுவலக வாசலில் எழுதியிருக்கிறது. எழுத்துப் பெரிதாக இருக்கிறது.

இனி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தையிலும் மாசி முதல் பாதியிலும் டெல்டாவில் ஆய்வு வைக்காதீர்கள். கம்பெனி பிடிவாதம் பிடித்தால் தேதியை மறுக்கிற தைரியம் பட்டறைக்காரருக்கு இருக்காது, நீங்கள் மறுங்கள். வழியில் நெல்லுக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள், நெல் மேல் வண்டி ஏற்றாதீர்கள். மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பிறகு பெண்கள் போகக்கூடிய கழிப்பறை எனக்குக் கண்ணில் படவில்லை. தனிப்பகுதி என்றால் சுவரா, கோடா, அவசரத்துக்கு வேறு வேலை எடுத்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, யாராவது ஜாப் ஒர்க் என்று ஆறுதல் சொன்னால், எத்தனை வருடத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கக் கூடாது என்று நிபந்தனை போடுவார்கள் என்பதைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அப்படி ஒன்று உண்டென்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து முருகையனே சொன்னார். மூன்று வருடம். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, முதல் லோடும் போய்விட்டது.

"அன்னைக்கு அந்த வண்டியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம்னு தோணலையா?" என்று கேட்டேன்.

"தோணாம இருக்குமா? தினம் தோணுது. அனுப்பியிருந்தா நம்பர் கிடைச்சிருக்கும். அப்புறம் எங்க தெருவுக்குள்ள எப்படிப் போறது, அதைச் சொல்லுங்க."

மறுநாள் இருநூறு பிராக்கெட் அனுப்ப வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.