இரண்டு மணிக்கு வாசலில் நிற்பவர்

ரொக்காஸ்கூராவில் பகல் இரண்டு மணிக்கு யாரும் வாசற்கதவைத் திறப்பதில்லை. ஒன்றரைக்குச் சாப்பாடு முடியும். சன்னல் பலகைகளைச் சாத்துவார்கள். நாய்கள்கூடச் சுவரோர நிழலில் மூக்கைப் புதைத்துக்கொள்ளும். நாலு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்வரை அந்தத் தென் இத்தாலிய மலையூரின் தெருக்கள் உயிரோடிருப்பவர்களுக்குச் சொந்தமில்லை. இது கார்மோசீனாவுக்குச் சிறுபிள்ளையிலிருந்தே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நடமாடுகிறவர்களில் ஒருவர் தன் வாசலிலேயே வந்து நிற்பார் என்று அவள் நினைத்ததில்லை.

பதினெட்டு வருடம் நின்றார். ஒருக்களித்த கதவின் இடுக்கில் தெரிவார், நல்ல உயரம். மேல்நிலை தலையில் இடித்துவிடும் என்பதுபோலக் கொஞ்சம் குனிந்திருப்பார். வாளோ கவசமோ கிடையாது. இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, ஏதோ கேட்க வந்துவிட்டுக் கேட்கத் தயங்கும் குடியானவனைப்போல, உள்ளே வா என்ற சொல்லுக்காகக் காத்திருப்பார். கார்மோசீனா அதைச் சொன்னதேயில்லை. மேசையில் குனிந்து பீன்ஸ் உரிப்பாள். மணி அடித்ததும் நிமிர்வாள். வாசல் காலியாக இருக்கும்.

அவர் யாரென்று அவளுக்குத் தெரியும். அவரைப் பெட்டிக்குள் போட்டு மூடியதே அவள்தான்.

உம்ஃப்ரேதோ என்று பெயர். தொள்ளாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் வடக்குக் கடலோரத்திலிருந்து கூலிக்குச் சண்டை போட வந்து, கூலி கொடுத்தவனுடைய நிலத்தையே எடுத்துக்கொண்ட நார்மன் குதிரைவீரர்களில் ஒருவர். ரொக்காஸ்கூராவின் முதல் பிரபு. மேலே கோட்டை, கீழே ஊர், சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை கோதுமை நிலம் எல்லாம் அவர் வழியில் வந்தவர்களுக்கு என்று ஆயிற்று. கோட்டைச் சிற்றாலயத்தின் நிலவறையில், சுவரோடு சுவராக, அந்த வம்சம் முழுவதும் மாடங்களில் அடங்கியிருக்கிறது. முதல் மாடம் அவருடையது.

கார்மோசீனா பிறந்தது 1934-ல், அந்தச் சிற்றாலயத்தை ஒட்டிய ஒற்றை அறையில். அவள் அம்மா பிரபு வீட்டுக்கு எலும்பு கழுவுகிறவள். அந்தப் பக்கத்தில் இறந்தவர்களை முதலில் மண்ணில் வைப்பார்கள். ஏழு வருடம் கழித்துத் தோண்டி எடுத்து, எலும்பைத் தண்ணீரில் கழுவி, பிறகு திராட்சை மதுவில் கழுவி, வெயிலில் வெள்ளைத் துணிமேல் உலர்த்தி, புதுத் துணியில் சுற்றிச் சுவர்மாடத்தில் வைத்துக் கல்லால் மூடுவார்கள். அதுவரை இறந்தவர் வழியில்தான் இருக்கிறார், இன்னும் போய்ச் சேரவில்லை. இந்த வேலைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒருவருக்கு ஒரு வாளி. ஒருவரைக் கழுவிய தண்ணீரில் இன்னொருவரைக் கழுவினால் இருவருக்கும் வழி குழம்பிவிடும். இவர் அவர் வீட்டுக்குப் போவார், அவர் இவர் வீட்டுக்கு வருவார். கழுவிய தண்ணீரை அத்திமரத்தடியில் ஊற்றி, வாளியைக் கவிழ்த்துவைத்த பிறகுதான் அடுத்தவரைத் தொடலாம்.

அதே 1934-ல் மேலே கோட்டையிலும் ஒரு பெண் பிறந்தது. அல்த்ரூதா. ஊரில் பிறகு அவளைத் தோன்னா, அதாவது சீமாட்டி, என்பார்கள். அவளைப் பெற்றவளுக்குப் பால் சுரக்கவில்லை. கார்மோசீனாவின் அம்மா ஒரு பக்கம் தன் பிள்ளையையும் மறு பக்கம் பிரபு வீட்டுப் பிள்ளையையும் வைத்துப் பால் கொடுத்தாள். ஊரில் அவர்களைப் பால் சகோதரிகள் என்பார்கள். ஒருத்தி பிறகு கன்னியர் மடத்துப் பள்ளிக்கும் நேப்பிள்ஸ் நகரத்துக்கும் போனாள். இன்னொருத்தி வாளியைத் தூக்கினாள்.

கார்மோசீனாவுக்கு ஒரு அண்ணன் இருந்தான். லிபோரியோ. சுருட்டை முடி, இடது காது மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். 1950 மார்ச்சில், தரிசாகக் கிடந்த பிரபு நிலத்தை உழுவதற்கு ஊர் ஆட்கள் ஏரும் கோவேறு கழுதையுமாக ஏறிப் போனபோது அவனும் போனான். காவலாட்கள் சுட்டார்கள். மேலே பார்த்துத்தான் சுட்டோம், அவன் பயந்து ஓடிப் பாறையில் விழுந்து செத்தான் என்று கோட்டையில் சொன்னார்கள். அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஏழு வருடம் கழித்து அம்மா அவனைத் தோண்டி எடுத்துக் கழுவினாள். அவளுக்கு மட்டும் தெரிந்தது. தோள்பட்டை எலும்பில், பின்பக்கமிருந்து துளைத்த ஓட்டை.

வைப்பதற்கு இடமில்லை. கல்லறைச் சுவரில் ஒவ்வொரு மாடமும் யாரோ ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். சீமைக்கஷ்கொட்டை மரப்பெட்டி ஒன்றில் போட்டு, நிலவறைப் படிக்கட்டில் மூன்றாம் படிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். சாகும்வரை அந்த மூன்றாம் படியில் மட்டும் கால் வைக்காமல் தாண்டித்தான் ஏறி இறங்கினாள்.

1980 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒன்றரை நிமிடம் பூமி ஆடியது. ஊரில் பாதி இல்லை. எல்லோரும் உயிர் இருக்கிறவர்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் கார்மோசீனா நிலவறைக்குள் இறங்கினாள். படிக்கட்டின் ஒரு ஓரம் சரிந்து பெட்டி உடைந்திருந்தது. சுவரில் முதல் மாடம் மட்டும் வாய் பிளந்து, உம்ஃப்ரேதோ தரையில் கொட்டிக் கிடந்தார். அவர் எலும்பு காய்ந்த நாணல்போலப் பழுப்பாக, எடையே இல்லாமல் இருந்தது. இரண்டடி தள்ளி லிபோரியோ.

லாரித் தண்ணீர் வீட்டுக்கு ஒரு வாளிதான். அதை வைத்து அவள் இருவரையும் கழுவினாள். குடிக்கவே தண்ணீர் இல்லாத நாட்களில் வேறென்ன செய்வாள்? பிரபுவின் பெயர் வெட்டிய பளிங்குக் கல் உடையாமல் கிடந்தது. மாடத்தில் வைக்கத் தூக்கும்போது அவள் கை லிபோரியோவிடம் போயிற்று. யோசிக்கவில்லை. அவனை வைத்துக் கல்லைச் சாத்திச் சுண்ணாம்பு பூசினாள். பெட்டிக்கு ஆணி அடித்து, பிரபுவை அதில் போட்டுப் படிக்கட்டின் அடியில் தள்ளினாள். மறுநாள் இரண்டு மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது.

பதினெட்டு வருடம் அப்படியே போயிற்று. 1998 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை தொலைபேசி அடித்தது.

“ஏடி கார்மோசீனா, உயிரோடதான் இருக்கியா?”

“இருக்கேன் தோன்னா அல்த்ரூதா. உங்களைக் கழுவி அடுக்காம நான் எங்க போறது?”

“அவசரப்படாதே. வியாழக்கிழமை பல்கலைக்கழகத்துலேருந்து நாலு பேரோட வர்றேன். முதல் மாடத்தைத் திறக்கணும். எலும்புல ஒரு துண்டு எடுத்தா எத்தனை வருஷத்து ஆளு, எங்க ரத்தமா இல்லையா, எல்லாம் சொல்லிடுவாங்களாம்.”

“தொள்ளாயிரம் வருஷமாத் தூங்கறவரை எழுப்பி வயசு கேக்கணுமா?”

“கேக்கணும்.” குரலில் விளையாட்டு போயிருந்தது. “எனக்குத் தெரிஞ்சே ஆகணும்டி.”

கார்மோசீனா வெகுநேரம் கையிலிருந்த தொலைபேசியை வைக்கவில்லை. கல்லைத் திறந்தால் உள்ளே இருபத்திரண்டு வயதுப் பையன் இருப்பான். அவனை வெளியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். அவர்கள் எடுப்பதற்கு முன்னால் தானே எடுத்து மறுபடி பெட்டிக்குள் போட வேண்டும். அவனை ஒரு தடவை சுட்டு வெளியேற்றினார்கள், இரண்டாம் தடவை தன் கையால். வேறு வழி தெரியவில்லை.

புதன்கிழமை இரண்டு மணிக்குப் போனாள். ஊரில் யாரும் பார்க்காத நேரம் அதுதான். கதவைத் திறந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். முதன்முறையாக அவரிடம் பேசினாள். “நகருங்க. உங்க வேலையாத்தான் போறேன்.” தோளை ஒடுக்கிக்கொண்டு அவரைக் கடந்தாள். கோதுமை மாவு வைக்கும் குளிர்ந்த அறைக்குள் நுழைந்து வெளியே வந்தது போலிருந்தது.

சுண்ணாம்பைச் சுரண்டிக் கல்லை எடுத்து, பெட்டியை இழுத்து, நிலவறைத் தரையில் இரண்டு துணி விரித்து இருவரையும் பரப்பிவிட்டு, அண்ணனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. மேலே கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது.

தோன்னா அல்த்ரூதா ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். நகரத்திலேயே இருந்து அவளுக்கு இரண்டு மணிக்கு யாரும் வெளியே வராத ஊர் வழக்கம் மறந்துபோயிருந்தது. கறுப்புப் பட்டுச் சட்டை, கழுத்தில் முத்து, கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி.

“அடிப்பாவி! நாளைக்குத் திறக்கச் சொன்னா இன்னைக்கே பரப்பி வச்சிருக்கே?” குனிந்து பார்த்தாள். “ரெண்டு தலை இருக்கு. எங்க மூதாதைக்கு ரெண்டு தலையா?”

“ஒண்ணுதான் உங்களோடது.”

“இன்னொண்ணு?”

“எங்களோடது. லிபோரியோ.”

“எங்க மாடத்துலயா? அப்போ வருஷா வருஷம் நான் அனுப்பின பூவெல்லாம்?”

“நல்ல பூதான். அவனுக்குப் பிடிச்சிருக்கும்.”

“எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு...”

“எங்க அம்மாகிட்டப் பால் குடிச்ச வாயால அதைச் சொல்லாதீங்க.”

அல்த்ரூதா தடியை ஊன்றி மெல்ல மூன்றாம் படியில் உட்கார்ந்தாள். பிறகு லிபோரியோவின் எலும்பு ஒன்றைத் தடி நுனியால் சுட்டிக் கேட்டாள். “அதுல என்ன ஓட்டை?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“பாறையில விழுந்துதானே அவன்...”

கார்மோசீனா தோள்பட்டை எலும்பை எடுத்துத் திருப்பிப் பிடித்தாள். பின்பக்கம் துளை சிறியது, முன்பக்கம் சிதறியிருந்தது.

அல்த்ரூதா எலும்பின் பக்கம் குனிந்தாள். “அவனுக்குச் சுருட்டை முடியா? இடது காது துருத்திக்கிட்டு?”

“உங்களுக்கு எப்படி ஞாபகம்? நீங்க அப்போ மடத்துப் பள்ளியில இருந்தீங்க.”

“ஞாபகம் இல்லடி. நேத்துப் பாத்தேன்.”

நிலவறையில் எங்கோ சுண்ணாம்புத் துளி ஒன்று உதிர்ந்தது.

“பூகம்பம் வந்த வாரத்துலேருந்து வர்றான்,” என்றாள் அல்த்ரூதா. “நேப்பிள்ஸ்ல, என் கூடத்துல, ரெண்டு மணிக்கு. தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு, முதுகைக் காட்டிட்டு நிப்பான். காதும் முடியும்தான் தெரியும். எங்க முதல் பிரபுதான் ஏதோ கேக்க வந்திருக்கார், முகம் குடுக்கக் கௌரவம் பாக்கறார்னு நினைச்சேன். என்ன மரியாதை கெட்ட மூதாதைன்னு திட்டியிருக்கேன். அதுக்குத்தான் இந்தப் பரிசோதனையே. என் வீட்டுல நிக்கறது யாருன்னு தெரிஞ்சுக்கணும்.” அவள் அந்த எலும்பையே பார்த்தாள். “அவன் முதுகைக் காட்டலடி. இதைக் காட்டியிருக்கான்.”

கார்மோசீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே வாளி.

சொன்னாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்போ எங்க ஆளு?”

“என் வாசல்ல. இப்பவும் நின்னுட்டிருப்பார்.”

“உள்ள கூப்பிட்டியா?”

“நீங்க கூப்பிட்டீங்களா?”

பிறகு அல்த்ரூதா மோதிரங்களைக் கழற்றிப் படியில் வைத்தாள். “தண்ணி கொண்டா. ரெண்டு வாளி.”

பிரபுவைக் கார்மோசீனா கழுவினாள். மற்ற வாளியின் முன்னால் அல்த்ரூதா மண்டியிட்டுப் பட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். தோள்பட்டை எலும்பை எடுத்தவள் கீழே வைக்கவேயில்லை.

“அழுத்தித் தேய்க்காதீங்க தோன்னா. அது வாணலி இல்ல.”

“நீ உன் வேலையைப் பாருடி.”

வீட்டிலிருந்த கறுப்பு மது ஒரு குடுவை முழுவதும் தீர்ந்தது. தண்ணீரைத் தனித்தனியாக அத்திமரத்தடியில் ஊற்றி வாளிகளைக் கவிழ்த்து, வெயிலில் வெள்ளைத் துணி விரித்து எலும்பை உலர்த்தினார்கள். உம்ஃப்ரேதோ தன் கல்லுக்குப் பின்னால் போனார். கார்மோசீனா அண்ணனைத் துணியில் சுற்றிப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்தாள். மூடியைத் தூக்க முடியவில்லை.

“பெட்டி வேண்டாம்,” என்றாள் அல்த்ரூதா. சுவரின் கடைசியில், அவள் பெயரும் பிறந்த வருடமும் வெட்டி, அதற்குப் பிறகு வெறுமையாக விட்ட கல் ஒன்று இருந்தது. “அதைத் திற.”

“அது உங்க இடம்.”

“நான் வர்ற வரைக்கும் அவன் இருக்கட்டும்.”

“வந்த பிறகு?”

“நகந்து படுக்கச் சொல்லு.”

பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு அல்த்ரூதா அன்றே சொல்லிவிட்டாள்: சுவர் இற்றுப்போயிருக்கிறது, யாரும் வர வேண்டாம். நாலு மணிக்கு மணி அடித்து வெகுநேரம் கழித்தும் இரண்டு கிழவிகளும் சேர்ந்து சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்கள். இருட்டியதும் அல்த்ரூதா நேப்பிள்ஸுக்குத் திரும்பினாள்.

மறுநாள் கார்மோசீனா பீன்ஸ் உரிக்கவில்லை. கோதுமையை வேகவைத்து, மாதுளை முத்தும் வால்நட்டும் திராட்சைப் பாகும் சேர்த்துப் பிசைந்து இரண்டு தட்டில் வைத்தாள். அது கல்லறைத் திருநாளுக்குச் செய்வது. அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு மணி ஆயிற்று. வெயில் மட்டும் நிலைப்படிவரை வந்து நின்றது. இரண்டேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. அந்த ஊரில் அந்த நேரத்தில் தொலைபேசி அடித்ததே இல்லை.

“வந்தாரா?” என்றாள் அல்த்ரூதா.

“வரல. உங்களுக்கு?”

“வரல.”

அல்த்ரூதா நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

“பதினெட்டு வருஷம்டி, கார்மோசீனா. ஒரே ஒரு நாள் உக்காருன்னு சொல்லியிருக்கலாம்.”

தொலைபேசிக் கம்பி நீளும் மட்டும் கார்மோசீனா அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கதவை முழுக்கத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். இன்றும் தினம் இரண்டு மணிக்குத் திறந்து வைக்கிறாள். ரொக்காஸ்கூராவில் அந்த நேரத்தில் திறந்திருக்கும் கதவு அது ஒன்றுதான்.