ஏலக்காய்க் கடைக்கு வந்த ஐந்து கண்டெய்னர்

மெயில் சர்வர் வைத்துக் கொடுப்பவர்களை எங்கள் பக்கத்தில் யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. ஆனால் மெயில் போகாத அன்று, நாம் உட்கார்ந்திருக்கும் கல்யாணப் பந்திக்கே ஆள் அனுப்பிவிடுவார்கள். மெயிலை எங்கேயோ இருக்கும் கம்பெனியிடம் விடாமல், சொந்தக் கடையில் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள நினைக்கும் வியாபாரிகளுக்கு அதை நிறுவிப் பராமரிப்பது என் பிழைப்பு. இருப்பது உத்தமபாளையம், அலைவது கூடலூரிலிருந்து தேனி வரை. இதே வேலையில் தலைமுடியைப் பறிகொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஆறுதலாக இருக்கட்டும். இதெல்லாம் போடியில் ஒரே கடையில் நடந்தவை. கடை ஞானதுரை அண்ணாச்சியுடையது, ஏலக்காய் ஏற்றுமதி. அங்கே மெயில் பார்ப்பது மெர்சி அக்கா.

லாரிக்கு வழி

மெயில் சர்வர் என்பது ஒரே சங்கதி இல்லை. அனுப்ப ஒரு மென்பொருள், வாங்கி வைக்க ஒன்று, குப்பையைப் பிரிக்க ஒன்று என்று பல உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டினால், ஒன்றின் சீக்கு மற்றதற்கு ஒட்டாது. அந்தப் பெட்டிக்குத் தொழிலில் கண்டெய்னர் என்று பெயர். இதை எதையும் விளக்காமல், "நாளைக்குக் காலையில வந்து அஞ்சு கண்டெய்னர் ஏத்திருவேன் அண்ணாச்சி" என்று போனில் சொல்லிவிட்டேன்.

மறுநாள் போனால் கடைச் சந்தில் ஒரு பைக்கைக் காணோம். எதிர்க்கடைத் தள்ளுவண்டியைக்கூட நகர்த்தியிருந்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் நான்கு பேர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். நான் பையிலிருந்து சாப்பாட்டு டப்பா அளவு கம்ப்யூட்டரை எடுத்து மேசையில் வைத்து, ஐந்தும் இதற்குள்தான் என்றேன். நான்கு பேரும் முதலில் டப்பாவைப் பார்த்தார்கள், பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"கண்டெய்னரு நாப்பதடியா இருபதடியான்னு நேத்தே கேட்டிருக்கணும் தாயி. தப்பு எம்மேலதான்."

குடோன்

அதுவரை கடை மெயிலை வைத்திருந்த கம்பெனியிடமிருந்து பதினான்கு வருட மெயிலையும் இதற்குள் இறக்க வேண்டும். அந்தக் கணக்கை மாத முடிவில் மூடிவிடுவார்கள், பிறகு வேறு நகல் கிடையாது. கண்டெய்னரோடு சேர்ந்தே அதற்கென்று ஒரு சேமிப்பிடம் உருவாகிவிடும், மெயிலெல்லாம் அதில் இருக்கும் என்று விளக்கினேன். அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. கண்டெய்னர் வந்து போகிற சாமான், அதை நம்பிச் சரக்கை விடக் கூடாது என்பது அவர் கட்சி. இது அந்தக் கண்டெய்னர் இல்லை என்று இரண்டு டீ குடிக்கும் நேரம் வாதாடினேன். மனிதர் இறங்கி வரவில்லை.

சரி, வாடிக்கையாளர் மனம் நோகக் கூடாது என்று, தனியாக ஒரு டிஸ்க் வாங்கி மாட்டினேன். அதில் 'குடோன்' என்றே ஒரு ஃபோல்டர் போட்டு, மெயில் முழுவதும் நேராக அங்கே போய் விழும்படி மாற்றினேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதன்பின் அந்த ஃபோல்டரைச் சுத்தமாக மறந்தும் போனேன்.

"கண்டெய்னரை எவனும் கொண்டு போவான், எவனும் கொண்டு வருவான். சரக்கு நம்ம குடோன்ல எறங்குனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

மூடிய போர்ட்

உள்ளே மெயில் வந்தது, வெளியே ஒன்றுகூடப் போகவில்லை. வெளியே போகும் மெயிலுக்கு இருபத்தைந்தாம் எண் வாசல் ஒன்று உண்டு. அதற்கும் தொழிலில் போர்ட் என்றுதான் பெயர், நான் என்ன செய்யட்டும்? இணைப்புக் கொடுத்தவர்கள் அதை அடைத்து வைத்திருந்தார்கள். மனுக் கொடுத்திருக்கிறேன், போர்ட்டை மூடி வைத்திருக்கிறார்கள், திறந்ததும் எல்லாம் போய்விடும் என்று மெர்சி அக்காவிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அக்கா அதை அப்படியே அண்ணாச்சியிடம் ஒப்பித்திருக்கிறார்.

திரும்பி வந்தால் அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்துப் போனை வைக்கிறார். முகத்தில் நிம்மதி.

"தூத்துக்குடி ஏஜென்டுகிட்ட கேட்டுட்டேன் தாயி. அங்கன எல்லாம் தொறந்துதான் கெடக்காம். உங்கிட்ட யாரோ தப்பாச் சொல்லியிருக்காக."

புது ஆள்

வாசல் திறந்தபின் மெயில் போனது, ஆனால் வெளிநாட்டுக்காரர்களின் குப்பைக் கூடையில் போய் விழுந்தது. புதிய முகவரியை மற்ற சர்வர்கள் உடனே நம்பாது. முதலில் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பெயர் வாங்க வேண்டும். இதை எப்படிப் புரியவைப்பது என்று முந்தின நாளெல்லாம் யோசித்துப் போயிருந்தேன். ஏலக்காய் ஏலத்துக்குப் போகிறவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"புதுசா வந்து கேக்குறவனை மொத நாளே எவன் மதிப்பான்? ஒழுங்கா வந்து போகட்டும், தன்னால நம்புவாக."

போனது போகட்டும்

ஆறு மாதம் கழித்து வளைகுடா வியாபாரி ஒருவர், நான் கேட்டது எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காய், வந்தது ஏழு, சரக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதினார். ஏழே போதும் என்று முன்பு அவரே மெயில் போட்டது அண்ணாச்சிக்கு நன்றாக நினைவிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் போனில் பேச்சு. அதற்குள் அந்த மெயிலை எடுத்தாக வேண்டும். மெர்சி அக்கா தேடத் தொடங்கியதும் திரை உறைந்து நின்றுவிட்டது. நான் அடித்துப் பிடித்துப் பஸ் ஏறிப் போனேன்.

கண்டெய்னர்களை இறக்கி மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். இறக்கும் கட்டளையோடு ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தால் அவற்றின் சேமிப்பிடமும் சேர்ந்து அழியும். வீட்டில் சோதனை செய்யும்போது தினமும் அடிக்கும் எழுத்து அது. கை பழக்கத்தில் அடித்துவிட்டது. வேறு நகல் எடுக்கும் வேலையை ஆறு மாதமாக அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். சக துன்பவாசிகளே, உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஒளிக்கத் தோன்றவில்லை. கண்டெய்னரையெல்லாம் நானே அழித்துவிட்டேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்டெய்னர் போனாப் போகுது. சரக்கு குடோன்லதான தாயி இருக்கு?"

அப்போதுதான் எனக்கு அந்த டிஸ்க் நினைவு வந்தது. திறந்து பார்த்தேன். அது கண்டெய்னரின் சேமிப்பிடத்துக்கு வெளியே இருந்ததால், பதினான்கு வருட மெயிலும் அலுங்காமல் நலுங்காமல் இருந்தது. அழுதேவிட்டேன், மறைப்பானேன். புதிதாகக் கண்டெய்னர்களை ஏற்றி, அழிந்த பாஸ்வேர்டுகளைத் திரும்பப் போட்டு முடிக்கும்போது மணி மூன்றரை. ஐந்தே நிமிடத்தில் மெர்சி அக்கா அந்த மெயிலை எடுத்து நீட்டினார். நாலு மணிப் பேச்சு சீக்கிரமே முடிந்தது. சரக்கு திரும்பாது. நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அண்ணாச்சி வாசல் வரை வந்தார்.

"அன்னைக்கு நீ உள்ளுக்குள்ள சிரிச்சது எனக்குத் தெரியும். சிரிச்சாலும் செஞ்சியே தாயி, அது போதும்."

அன்றிலிருந்து எந்தக் கடையில் யார் என்னிடம் "நாப்பதடியா இருபதடியா" என்று கேட்டாலும் நான் திருத்துவதில்லை. நாற்பதடி என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாகக் குடோன் எங்கே என்று கேட்டுக்கொள்கிறேன்.