விழாத பெண்ணுக்கு வைத்த வளையல்கள்

எங்கள் பாறையைப் பற்றி யார் என்ன கதை சொன்னாலும் பாதியை நம்பாதீர்கள். அந்தப் பாதி என் கணவர் கட்டிவிட்டது.

திருவெறும்பூர் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே போனால் பொட்டலில் ஒற்றையாக நிற்கிறது அந்தப் பாறை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஃபாக்டரிக்காரர்கள் நாலைந்து பேர் கயிறும் பையுமாக வந்து ஏறுவார்கள். பிற்பாடு காலேஜ் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கல் கையைச் சுட்டுவிடும். வானம் தெளிவாக இருந்தால் உச்சியிலிருந்து மலைக்கோட்டை தெரியும். ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் தெரியும் என்று அடித்துச் சொல்வார்கள். என் கண்ணுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

அடிவாரத்தில் ஒரு முனி இருக்கிறார். உருவம் கிடையாது, ஒரு கல்தான். அவரைத் தாண்டும்வரை செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பாறை ஏறுவதற்கென்று கடன் வாங்கி வாங்கிய ஷூவாக இருந்தாலும் அதே சட்டம்தான். அவரிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பாறையில் கை வைக்கலாம். வாய் தவறி "போறேன்" என்று சொன்னவரை அன்றைக்கு ஏற விடமாட்டார்கள், உட்கார்ந்து கயிறு சுருட்ட வேண்டியதுதான். மேலே ஒரு வெடிப்பு உண்டு, உள்ளே போன கையைத் தோலை உரிக்காமல் விடாது. அதற்கு 'மாமியார் வாய்' என்று பெயர் வைத்தது என் கணவர். என் அம்மா காலமாகும்வரை அந்தப் பெயரை அவள் காதில் போடக்கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டிருந்தார்.

எல்லாவற்றையும்விடப் பேர்போன கதை, விழுந்து செத்த பெண்ணின் கதை. கிழக்குப் பக்கம், மாடி வீட்டு உயரத்தில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு திட்டு இருக்கிறது. மழை பெய்தால் பாசி பிடித்து வழுக்கும். அங்கே ஏறி மாட்டிக்கொண்டாளாம் ஒரு பெண். கீழே நின்றவன் கை கொடுக்காமல் விட்டானாம். விழுந்தவள் இன்றைக்கும் ஈரத்தில் ஏறுகிறவர்களின் காலைப் பிடித்து இழுக்கிறாளாம். பிள்ளைகள் மழைக்கு மறுநாள் ஏறிக் கைகாலை உடைத்துக்கொள்ளக்கூடாதே என்று என் கணவர் கட்டிய கதை அது. நல்ல வார்த்தைக்கு அடங்காத பிள்ளைகள் பேய்க்கு அடங்கினார்கள்.

அந்தப் பெண் நான்தான். விழுந்து செத்ததையும் கீழே நின்றவர் கை கொடுக்காததையும் தவிர மற்றதெல்லாம் நடந்ததே.

டீச்சர் ட்ரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். காட்டூரிலிருந்த என் பெரியப்பா மகன் ஃபாக்டரியில் வேலை பார்த்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று ஒருவர் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று திட்டு வரைக்கும் ஏறிவிட்டேன். இறங்கத்தான் தெரியவில்லை. அழுதேன், வேறென்ன செய்ய?

முன்பின் தெரியாத ஒருவர் கீழேயிருந்து பேசினார். "பயப்படாதீங்க. கீழ பாக்காதீங்க. கல்லுல எறும்பு வரிசையா போகுது பாருங்க. அது போற பக்கம் கால் வைக்க எடம் இருக்கும்."

"எறும்புக்கு இருக்கிற எடம் எனக்கு எப்படிங்க போதும்?" என்றேன் அழுகையோடு.

அவர் சிரித்தார். திருவெறும்பூர் மலைக்கோயில் கதையைச் சொன்னார். தேவர்கள் எறும்பாக வந்து பூசை செய்தார்களாம். சாமி மேல் இருந்த எண்ணெய் வழுக்கியதால் அவர்களால் ஏற முடியவில்லை. சாமி தன்னையே சொரசொரப்பான மண்ணாக்கிக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்தும் கொடுத்தாராம். "நம்ம பாறையும் அந்த ஊர்தானே, அவசரப்படாதவங்களுக்குச் சாஞ்சு குடுக்கும்" என்றார். சொல்லிக்கொண்டே ஏறிவந்து கையை நீட்டினார். அடுத்த தையில் கல்யாணம்.

பேய்க் கதை ஊரெல்லாம் பரவியது. ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்கள், ஆட்டோக்காரர்கள் சொன்னார்கள். கன்னியாகச் செத்தவளாயிற்றே என்று சுற்றுவட்டாரப் பெண்கள் திட்டுக்கு நேர் கீழே மஞ்சளும் கண்ணாடி வளையலும் வைக்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கட்டின புருஷனுக்கு ஒரு வளையல் வாங்கித்தர மனசு வரல. ஊர்க்காரங்க டஜன் டஜனா வாங்கித்தராங்க" என்று அவரைக் குத்திக்காட்டுவேன். "பேய்க்கு எதுக்குடி வளையல்?" என்பார்.

பிறகு மறதி வந்தது. முதலில் சாவி, கண்ணாடி. நானும் வயசுதானே என்று விட்டுவிட்டேன். ரிட்டயர் ஆகிச் சில வருஷங்களில் வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றார். டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி, இது இறங்குமுகம்தான் என்று மெதுவாகச் சொன்னார். எங்கள் கல்யாணம் அவர் நினைவிலிருந்து போயிற்று. நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு "உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று என்னைக் கேட்பார். அதையும் தாங்கிக்கொண்டேன்.

தாங்க முடியாதது வேறு. அவரே கட்டிய கதை மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது. அதை நிஜம் என்று நம்பினார். திடீரென்று சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு அழுவார். "அந்தப் பொண்ணு விழுந்துடுச்சுங்க. நான் கீழதான் நின்னேன். கை குடுக்காம விட்டுட்டேன்."

"அது நான்தாங்க. பாருங்க, உசுரோட இருக்கேன்ல."

ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்தவங்கள வெச்சு வெளையாடாதீங்க. ஒங்களுக்கும் பொண்ணு பிள்ளைங்க இருக்கும்" என்றார். எங்கள் மகளின் போட்டோ அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்தது. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

என்னை அவர் மறக்கட்டும், போகிறது. ஒரு சாவுக்குப் பொறுப்பேற்று, அதுவும் நடக்காத சாவுக்கு, அந்த மனுஷன் தினம் தினம் வெந்து சாவதை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தத் திட்டில் என்னைப் பார்த்தால் புரியும் என்று தோன்றியது. அதோடு என்னையும் ஒருதரம் அடையாளம் தெரிந்துகொள்வார் என்ற ஆசையும் இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்தக் காலத்தில் அவரோடு பாறை ஏறிய நண்பர் ஒருவர் எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். "இந்த வயசுல வேணாம் அண்ணி" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாறையைச் சுற்றிப் பின்பக்கமாக மேலே போய்க் கயிறு கட்டிவிட்டு வந்தார். முனியைத் தாண்டும்போது என் கணவர் தானாகக் குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முட்டி வலியோடு, மூச்சு வாங்க, ஏறிவிட்டேன். திட்டில் நின்று திரும்பினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். முகம் மாறியது.

"பயப்படாதீங்க!" என்று கத்தினார். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல். "கீழ பாக்காதீங்க! எறும்பு போற பக்கம் கால வைங்க. எடது கால். அவ்வளவுதான். அவசரமே இல்ல."

அவர் சொல்லச் சொல்ல இறங்கினேன். ஓரிடத்திலும் தப்பாகச் சொல்லவில்லை. கடைசியில் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டு தரையில் குதித்தேன். "என்னைத் தெரியுதாங்க?" என்றேன்.

அவர் என் கையை விட்டார். மறுபடி திட்டை அண்ணாந்து பார்த்தார். சுற்றுமுற்றும் தேடினார்.

"மேல ஒரு பொண்ணு நின்னுச்சே, பாத்தீங்களா?"

நண்பர் திரும்பி நின்றுகொண்டார். நான் சொன்னேன். "பாத்தேங்க. பத்திரமா எறங்கிடுச்சு."

"விழலியே?"

"விழல. நீங்க கை குடுத்தீங்கல்ல."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வளையல்களுக்கு நடுவே, சின்னப் பிள்ளை போல் அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைத் துடைத்துவிட்டேன், தடுக்கவில்லை.

"வீட்டுக்கு யாரு கூட்டிட்டுப் போனாங்க?"

"நீங்கதாங்க. கட்டிக்கிட்டு, கடைசி வரைக்கும் நல்லா வெச்சுக்கிட்டீங்க."

அவர் என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அப்புறம் ஏங்க அது என்னைப் பாக்க ஒருநாள்கூட வரல?"