மணியம் மாத்திரை

தோட்டத்து மருந்துக்கொட்டகையில் டிரெசராக இருப்பவனுக்கு நோயைக் கண்டு வரும் பயத்தைவிட, கொடுத்த மருந்து எந்த வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்ததோ என்ற பயமே பெரிது. தேயிலையோ ரப்பரோ, ஏதோ ஒரு தோட்டத்தில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, பல்லைப் பிடுங்கி, டாக்டர் வராத நாள்களில் டாக்டரின் திட்டையும் சேர்த்து வாங்கிய சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதியிலும் அதற்குப் பின் சில ஆண்டுகளும் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிரெசர். பிற்காலத்தில், லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வழங்கும் கதைகளையும் பாட்டுகளையும் அவற்றின் வடிவ வேறுபாடுகளோடு தொகுப்பதே என் வேலையாயிற்று. அந்தப் பழக்கத்தால், இங்கே ஒருவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே தருகிறேன். இருவிதமாகக் கேட்டிருந்தால் அதையும் மறைக்கவில்லை.

கொழுந்துத் தராசில் ஏறியவர்

மருந்துக்கொட்டகையில் இருந்தது கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசு. ஆகவே பெரியவர்கள் தங்கள் எடையை அறிய விரும்பினால், கொழுந்து நிறுத்து லோரியில் ஏற்றி முடிந்தபின், அதே தராசின் கொக்கியில் பலகையைக் கட்டி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒருநாள் மாலை, தோட்டத்து ஆபீசுக் கணக்கரான பெரிய கிராணியாரின் மனைவி இராஜம்மாள் அதில் உட்கார வந்தார். மகளின் கல்யாணத்துக்கு முன் இளைத்துவிட வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். ஈரக் கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கொஞ்சம் கழிப்பது வழக்கமல்லவா? கங்காணி முள்ளைப் பார்த்துவிட்டு, "மழையில நனைஞ்சு வந்திருக்கீங்கம்மா, ஈரத்துக்குக் கழிச்சே சொல்றேன்" என்றார். இராஜம்மாளே சிரித்துவிட்டார்.

அடுத்த மாதங்களில் அவர் உண்மையாகவே இளைத்தார். காய்கறி லோரி ஓட்டும் ஆறுமுகம் ஈப்போவிலிருந்து, இளைக்க வைக்கும் என்று ஒரு மாத்திரையை வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பசி போயிற்று, தூக்கமும் போயிற்று. துடைத்த சன்னலையே மறுபடி மறுபடி துடைத்தார். பேசினால் மூச்சு வாங்காமல் பேசினார். நாடி பிடித்தபோது, என் விரலுக்கடியில் ஒரு சிறு பிராணி தப்பி ஓடப் பார்ப்பதுபோல் இருந்தது. இதை இன்றே நிறுத்துங்கள், இருதயம் தாங்காது என்று சொன்னேன். அவர் முகத்திலும் பயம் இருந்தது. கையை மெல்ல இழுத்துக்கொண்டு சொன்னார்:

"பயமாத்தான் இருக்கு டிரெசர். ஆனா பழைய ரவிக்கை ஊக்கு பூட்டுறப்போ அந்தப் பயம் எங்க போகுதுன்னே தெரியல."

லோரி ஆறுமுகத்தின் விளக்கம்

ஆறுமுகத்தைத் தேடிப் பிடித்தேன். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் வரை தூங்காமல் ஓட்டுகிறவர். தானா ராத்தாவில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன, முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. இனி அந்த அம்மாளுக்கு மாத்திரை கொண்டுவராதே என்றேன். அவர் கோபப்படவில்லை. மூச்சிழுப்புக்காக நான் கொடுக்கும் எபெட்ரின் மாத்திரையும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்யும் என்று கடையிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி எடுத்துரைத்தார். ஓட்டப் பந்தயக்காரர்கள் எல்லாம் அதைத்தான் தின்கிறார்களாம்.

அந்தப் பேச்சு எனக்கு முன்பே தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. மேல் லயத்தில் கேட்ட வடிவத்தில், மாத்திரை தின்றவன் ஒரு ரஷ்யப் பளுதூக்குபவன். கீழ் லயத்தில் அவன் வெள்ளைக்காரச் சிப்பாய். தேயிலை ஆலையில் அது ஒரு பந்தயக் குதிரை. மூன்று வடிவங்களும் ஒன்றில் ஒத்துப்போயின: மாத்திரை தின்றபின் களைப்பே இல்லை. தின்றவன் பிறகு என்ன ஆனான் என்பது மூன்றிலுமே இல்லை. ஆறுமுகத்தை மறுமுறை கடையில் பார்த்தபோது இதைக் கேட்டேன். கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னது:

"முடிவெல்லாம் யாருக்குத் தெரியும்லா டிரெசர், லோரி ஓடிக்கிட்டிருக்கிறப்போ எறங்கியா பாக்க முடியும்?"

வாயைத் திற, நாக்கைத் தூக்கு

வயிற்றுப் பூச்சி மாத்திரையைக் கொல்லையில் எறிந்துவிடுகிறார்கள் என்பதால், எனக்கு முன்பிருந்த டிரெசர்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார்கள். எந்த மாத்திரையானாலும் என் முன்னாலேயே விழுங்க வேண்டும்; பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலைக்குப் போகுமுன் வரிசையில் நின்று எல்லாரும் இப்படிக் காட்டிவிட்டுப் போவார்கள்.

லெட்சுமி கொழுந்து எடுப்பவள். தாய் தகப்பன் இல்லை. தம்பி மணியத்தோடு கீழ் லயத்தில் இருந்தாள். பனி இறங்கும் மாதங்களில் அவளுக்கு இழுப்பு வரும். தினமும் வந்து மாத்திரையை விழுங்கி நாக்கைத் தூக்கிக் காட்டினாள். ஆனால் இழுப்பு குறையவில்லை. வாரம் ஒருமுறை வரும் டாக்டர் அவள் நெஞ்சைக் கேட்டுப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டினார். அதற்குப் பிறகு இன்னும் மோசமாயிற்று. ஒருநாள் சரிவில் கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். கங்காணி தோளில் தாங்கிக் கொண்டுவந்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. மருந்து கூடக் கூட நோய் ஏறுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவளுடைய நுரையீரலில் நான் அறியாத வேறு ஏதோ இருக்கிறது என்றே எண்ணினேன். பேச மூச்சு வந்ததும் அவள் சொன்னாள்:

"நீங்க குடுக்கிறத நான் மறுக்கலையேய்யா. மூச்சுதான் பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

மணியத்தின் கைகள்

தோட்டங்களுக்கிடையே ஆண்டுதோறும் ஒரு மலையோட்டம் நடக்கும். லெம்பா பெர்த்தாமில் தொடங்கி, ஏற்றத்திலேயே ஓடி, கியா பார்மில் முடிய வேண்டும். முதலில் வருபவனை மலைக்குக் கீழே ஓர் அரசாங்க இலாகாவின் ஓட்டக் குழுவில் சேர்த்துக்கொண்டு வேலையும் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த ஆண்டு எங்கள் தோட்டத்தின் நம்பிக்கை மணியம்தான். ஆலையில் வேலை முடிந்ததும் ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருப்பான். ஓட ஓட அவன் வேகம் கூடுவதாக எல்லாரும் பேசினார்கள்.

ஒருநாள் காலை அவன் குனிந்தபடி மருந்துக்கொட்டகைக்குள் வந்தான். முதல்நாள் மாலையிலிருந்து சிறுநீர் பிரியவில்லை. அந்தக் குளிரில் நெற்றி வியர்த்திருந்தது. தாடை இறுகி, கன்னம் ஒட்டி, நீட்டிய கைகள் இரண்டும் நடுங்கின. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், பசிக்கவில்லை என்றான். நாடியைத் தொட்டதும் இராஜம்மாளின் மணிக்கட்டு என் நினைவுக்கு வந்தது. அவரிடம் இருந்தது ஓடும் பிராணி என்றால், இவனிடம் இருந்தது அறைக்குள் மாட்டிக்கொண்டு சுவரில் மோதும் பிராணி. அடிவயிற்றுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, குழாய் போடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, நல்லவேளையாகச் சிறுநீர் பிரிந்தது. எதைத் தின்கிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினான். நெஞ்சு இப்படி அடிப்பது உனக்குப் பயமாக இல்லையா என்றேன்.

"அது வேகமா அடிச்சா என்னாங்கய்யா, நானும் வேகமாத்தானே ஓடணும்."

பல் இருந்த இடம்

மறுநாள் காலை லெட்சுமி என் முன் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். நாக்கின் கீழ் ஒன்றுமில்லை. தம்பியின் நாடி மனத்தில் உறுத்த, நான் விளக்கை எடுத்துக்கொண்டு கிட்டப் போனேன். அவளுடைய கடைவாய்ப் பற்கள் இரண்டை முந்தின ஆண்டு பிடுங்கியவன் நான்தான். அந்தப் பள்ளத்தில், ஒன்றை ஒட்டி ஒன்றாக, டாக்டர் கூட்டிக் கொடுத்த மாத்திரைகள் இரண்டும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. அவை கெட்டியான மாத்திரைகள். வாயில் உடனே கரைவதில்லை. வெளியே போய்த் துப்பி, அடுப்போரம் உலர்த்தி, தம்பிக்குக் கொடுத்துவந்திருக்கிறாள். அவளுக்கு மூச்சு முட்ட முட்ட டாக்டர் அளவைக் கூட்டினார். கூட்டிய அளவு முழுவதும் மணியத்தின் நெஞ்சில் போய் இறங்கியது. ஒரே மாத்திரை, தின்னாததால் ஒருத்தியையும் தின்றதால் ஒருவனையும் ஒரே லயத்து வீட்டுக்குள் கொன்றுகொண்டிருந்தது.

அவள் அழவில்லை. ஆறுமுகம் மாமா சொன்னதைத் தம்பி கேட்டு வந்தானாம். அவன் ஜெயித்தால் கீழே வேலை. கீழே குளிர் இல்லை. குளிர் இல்லாவிட்டால் அவளுக்கு இழுப்பு இல்லை. இதுதான் கணக்கு. அன்று முதல் அவள் மாத்திரையைப் பொடித்துக் கரண்டித் தண்ணீரில் கரைத்து நானே வாயில் ஊற்றினேன். முதல் கரண்டியைக் குடித்தபின் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நல்லா மூச்சு விடத்தாங்கய்யா கொஞ்ச நாளைக்கு அடக்கிக்கிட்டேன்."

பிரிஞ்சாங் வளைவு

மணியத்தைக் கூப்பிட்டு எச்சரித்தேன். கையிலிருந்த மாத்திரைகளை ஆற்றில் கொட்டிவிட்டதாக அக்காள் தலைமேல் அடித்துச் சொன்னான். தினமும் வந்து நாடி காட்டச் சொன்னேன், வந்தான். நாடி அடங்கியது, கை நடுக்கம் நின்றது, சாப்பாடு இறங்கியது. டாக்டரும் பார்த்து, ஓடலாம் என்றார். ஆனாலும் பந்தயத்தன்று மருந்துப் பெட்டியோடு தோட்டத்து லோரியில் ஏறி ஓட்டக்காரர்களின் பின்னாலேயே போனேன். லெட்சுமியும் என் பக்கத்தில் இருந்தாள். சில நாள் சரியாக மருந்து உண்டதில் அவள் மூச்சு தெளிந்திருந்தது.

தானா ராத்தாவைத் தாண்டும்போது மணியம் முன்னால் இருந்தான். ஏற்றத்தில் மற்றவர்கள் வாயால் மூச்சு வாங்கினார்கள். அவன் வாய் மூடியிருந்தது. அந்த இறுகிய தாடையை லோரியிலிருந்தே கண்டேன். எனக்குப் புரிந்துவிட்டது; டிரைவரின் தோளைத் தட்டினேன். பிரிஞ்சாங்குக்கு முந்தின வளைவில் அவன் நின்றான். விழவில்லை. சாலையோரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றான். பின்னால் வந்தவர்கள் அவனைக் கடந்து போனார்கள். முகம் சாம்பல் நிறம். கழுத்து நரம்பு துடித்ததை எண்ண முயன்றேன், எண்ண முடியவில்லை. கால்சட்டைப் பையில் ஒரு தைலத் தகர டப்பா இருந்தது. அதற்குள் எச்சில் பட்டு ஓரம் கரைந்த மாத்திரைகள். கொட்டியதாகச் சொன்னவற்றைப் பந்தய நாளுக்கென்று சேர்த்து வைத்திருக்கிறான். லெட்சுமி லோரியிலிருந்து குதித்து ஏற்றத்தில் ஓடிவந்தாள். வந்து சேர்ந்தபோது அவளுக்கும் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் திருப்பிய லோரியில் அவள் மடியில் தலை வைத்துக்கிடந்து அவன் சொன்னது ஒன்றே ஒன்று. லெட்சுமியும் டிரைவரும் பிற்காலத்தில் அதை வேறுவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டது இதுதான்:

"அக்கா, இது நிக்க மாட்டேங்குதுக்கா."

ஜெயித்தவர்

நின்றது, அதாவது, அடங்கியது. ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து அவன் பிழைத்து வந்தான். ஆனால் ஏற்றம் ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உடம்போடு வந்தான். மேனேஜர் துரையிடம் சொல்லி அவனை நாற்றங்காலில் போட்டோம். லெட்சுமியை ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்க்க வைத்தோம். அங்கே எப்போதும் அடுப்பு எரியும், இழுப்பு மட்டுப்பட்டது. எபெட்ரின் புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

எண்பதுகளில் ஒருநாள், வேறொரு தோட்டத்துப் பந்தாட்டக்காரன் ஒருவன் மோட்டாரில் வந்து இறங்கி, "மணியம் மாத்திரை" இருக்கிறதா என்று கேட்டான். கல்யாணத்துக்கு இளைக்க அவன் அக்காளுக்கும் கொஞ்சம் வேண்டுமாம். அவனை உட்காரவைத்து, அவனுக்குத் தெரிந்த கதையைச் சொல்லச் சொன்னேன். அவன் தோட்டத்து வடிவத்தில் மணியம் கியா பார்ம் வரை ஓடி முதலில் வந்து, கீழே வேலைக்குப் போய்விட்டார். பிரிஞ்சாங் வளைவே அதில் இல்லை. ஆள் அனுப்பி மணியத்தையே வரவழைத்தேன். நாற்றங்காலிலிருந்து மருந்துக்கொட்டகைக்குச் சிறு ஏற்றம்தான். நடுவில் நின்று நின்று வந்து சேர்ந்தான். இவன்தான் அந்த மணியம் என்றேன். மணியம் அந்த இளைஞனின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின்மேல் வைத்து, "தின்னுட்டுத் தோத்தவன் நான்தான் தம்பி, வேணாம்" என்றான். இளைஞன் அவனை மேலும் கீழும் பார்த்தான். மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டான். மோட்டாரில் ஏறிக்கொண்டே சொன்னான்:

"நீங்க வேற மணியம்லா அண்ணே. அவரு ஜெயிச்சவரு."

இழுப்பு மாத்திரையைப் பூட்டி வைக்கத் தோட்டம் எனக்கு ஓர் அலமாரி கொடுத்தது. மணியம் ஜெயித்த கதையைப் பூட்டி வைக்கத்தான் இத்தனை வருடமாக எங்கும் ஓர் அலமாரி கிடைக்கவில்லை.