மிகித்தாவுக்கு ஊதப்படாத கொம்பு

செத்துப்போன ஒருவருக்கு மரியாதை செய்வதற்கு முன்னால், உயிரோடு இருந்தபோது அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று நீங்கள் விசாரிப்பீர்களா? மாட்டேன் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். தானும் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றுதான் லாவோன் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்.

போலந்தின் பியாவோவியெஜா காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பச்சைச் சீருடை போட்ட வனத்துறைக்காரர் இறந்தால், குழியில் முதல் மண் விழுவதற்கு முன்னால் பித்தளைக் கொம்பில் விடைகொடுக்கும் மெட்டை ஊதுவார்கள். இயக்குநருக்கும் ஊதுவார்கள், காவலருக்கும் ஊதுவார்கள். காட்டெருதுகளுக்குத் தீனி போட்டு, பட்டியைக் கழுவி, சாணம் அள்ளுகிறவர்களுக்கு ஊதுவதில்லை. அவர்களுடைய மேல்சட்டை நீலம். இந்த வழக்கத்தை எழுதிவைத்தது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எழுதிவைக்காததால்தான் அதை யாரும் அடித்துத் திருத்தவும் முடியவில்லை.

அந்தக் கொம்பை ஊதுகிறவர் லாவோன். அவரும் மிகித்தா ஹ்ரின்கேவிச்சும் ஒரே வசந்தத்தில் காட்டெருதுக் காப்பகத்தில் கூலிக்குச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் அப்போது நீலச் சட்டைதான். லாவோன் ஊர்த் தீயணைப்புப் படையின் வாத்தியக் குழுவில் ஊதுகுழல் வாசித்தவர் என்று மேலே தெரிந்ததும், அவரைக் காவலராக்கி, பச்சைச் சட்டை கொடுத்து, கையில் கொம்பையும் கொடுத்தார்கள். மிகித்தாவுக்கு எந்த வாத்தியமும் தெரியாது. அவர் கடைசிவரை நீலத்திலேயே இருந்தார்.

பனிக்காலத்தில் விடியுமுன்பே மிகித்தா புல் வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தீனித் தொட்டிகளில் காய்ந்த புல்லை நிரப்பிவிட்டு அவர் போடும் சத்தத்தை லாவோன் பல காலைகளில் கேட்டிருக்கிறார். “வாங்கடி மகாராணிகளா, இன்னும் என்ன தூக்கம்? உங்க தாத்தா ஜார் மன்னனா?” இதைக் கேட்டதும் மரங்களுக்கு நடுவிலிருந்து கறுத்த முதுகுகள் ஒவ்வொன்றாக அசைந்து வரும்.

காப்பகத்தில் பிறக்கும் கன்றுகளுக்கு ‘போ’ என்று தொடங்கும் பெயர்தான் வைப்பார்கள். கோடையில் பிறக்க வேண்டிய கன்று ஒன்று ஒருமுறை அக்டோபர் கடைசியில் பிறந்தது. தாய் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கால்நடை மருத்துவர்கள் கையை விரித்தார்கள். மிகித்தா அதைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்து அடுப்படியில் கிடத்தினார். அவர் மனைவி பரஸ்கா புட்டியில் பால் கொடுத்தாள். காலம் தப்பிப் பிறந்ததென்று மிகித்தா அதற்குப் ‘போமில்கா’ என்று பெயர் வைத்தார். அவர்கள் மொழியில் தவறு என்று அர்த்தம். பெற்ற பிள்ளைகள் இரண்டைவிட இந்த மூன்றாவதுதான் சொன்ன பேச்சு கேட்கிறது என்று பரஸ்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். போமில்கா பிழைத்தது. அதன் கன்றுகள் வண்டியேறி வேறு நாட்டுக் காடுகளுக்குப் போயின. பத்திரிகையில் வந்த படத்தில் போமில்காவின் கழுத்தில் கைபோட்டு நின்றவர் ஒரு மருத்துவர்.

மழை அதிகமான வருடங்களில் புல் பூசணம் பூத்து வரும். உதறினால் சாம்பல்போலத் தூசி எழும்பும். மூக்குமூடி வேண்டும் என்று மிகித்தா கேட்டபோதெல்லாம் அடுத்த வருடப் பணத்தில் பார்க்கலாம் என்றது அலுவலகம். அந்த அடுத்த வருடம் வரவேயில்லை, இருமல்தான் வந்தது. வேலையால் வந்த நோய் இல்லை, சிகரெட்டால் வந்தது என்று அலுவலகம் கைகழுவிக்கொண்டது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்தறியாதவர் மிகித்தா. அறுபதைத் தொடாமல் போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்தன்று லாவோன் கொம்பை மேலங்கிக்குள் வைத்து எடுத்துப் போயிருந்தார். பாதிரியார் சாம்பிராணிப் புகை போட்டு முடித்தார். பெட்டியைக் கயிற்றில் இறக்கத் தயாரானார்கள். லாவோன் எதிரே நின்ற துணை இயக்குநரைப் பார்த்தார். அவர் தலையைக் கொஞ்சமே கொஞ்சம் அசைத்தார், வேண்டாம் என்பதுபோல. அவ்வளவுதான். யாரும் மிரட்டவில்லை, வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. அந்தச் சின்ன அசைவுக்கே லாவோனின் கை மேலே எழாமல் நின்றுவிட்டது. கட்டளை என்று ஒன்று இருந்திருந்தால் பின்னாளில் அதன்மேல் பழியையாவது போட்டிருக்கலாம்.

ஆறு வருடம் கழிந்தது. வேட்டையில் முற்றாக அழிந்துபோன காட்டெருதுகளை மறுபடி அந்தக் காட்டுக்குக் கொண்டுவந்து எண்பது வருடம் ஆனதற்கு விழா வைத்தார்கள். அவற்றுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர்களுக்கு நினைவுக்கல் திறக்கப்படும், ஒவ்வொரு பெயராக வாசிக்கப்படும், ஒவ்வொரு பெயருக்கும் கொம்பு ஊதப்படும் என்று அறிவித்தார்கள். பழைய ஊழியர் குடும்பங்களுக்கெல்லாம் அழைப்பு போயிற்று. பரஸ்காவுக்கும் போயிற்று. கடைசியில் தன் வீட்டுக்காரருக்கும் ஊதப்போகிறார்கள் என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

வாசிக்கப்போகும் பெயர்களை முதல் நாள்தான் லாவோனிடம் சொன்னார்கள். அவர் துணை இயக்குநரின் அறைக்குப் போய் நின்றார்.

“ஐயா, மிகித்தா பேரு இல்லையே.”

“நல்ல மனுஷன்தான், யாரு இல்லைன்னா? கூலியாட்களையும் சேர்க்க ஆரம்பிச்சா எங்க போய் நிறுத்தறது, லாவோன்? கல்லு அவ்வளவு பெருசு இல்லையே.”

பெரிய கல்லாக வெட்டியிருக்கலாமே ஐயா என்று கேட்டிருக்கலாம். அந்தப் பதில் லாவோனுக்கு விழா முடிந்த பிறகுதான் தோன்றியது. அப்போது அவர் வாயில் வந்தது “சரிங்கய்யா” மட்டும்தான். ஓய்வுபெற அவருக்கு ஒரு வருடம்தான் பாக்கி இருந்தது.

விழாவில் பரஸ்கா மூன்றாவது வரிசையில், பூப்போட்ட புதுத் தலைக்குட்டை கட்டி, பக்கத்தில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர்கள், இயக்குநர்கள், மருத்துவர்கள் என்று பெயர்கள் வந்தன. லாவோன் ஊதினார். ஒவ்வொரு ஊதலுக்கும் பிறகு அவள் நிமிர்ந்து உட்காருவது அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கடைசிப் பெயருக்கு ஊதி முடித்ததும், அடுத்தது தன் வீட்டுப் பெயர்தான் என்று நினைத்து அவள் பாதி எழுந்துவிட்டாள். வாசித்தவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பாவாடை மடிப்பைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்து அவள் மறுபடி உட்கார்ந்தாள். லாவோன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முட்டைக்கோசும் இறைச்சியும் போட்டு வேகவைத்த குழம்பைப் பெரிய அண்டாக்களிலிருந்து ஊற்றினார்கள். லாவோன் வரிசையில் சேராமல் ஓரமாக நின்றார். பரஸ்கா தட்டோடு அவரிடமே வந்தாள்.

“நல்லா ஊதுன, லாவோன். ஒரு மூச்சுகூடப் பிசிறல. எங்க வீட்டுக்காரருக்கு உன் நுரையீரல் இருந்திருந்தா இன்னைக்கும் புல்லு அள்ளிட்டு இருந்திருப்பாரு.”

மகள் வெட்கப்பட்டு அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு போனாள். வெட்கப்பட வேண்டியவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை லாவோன் கொம்போடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். மிகித்தாவின் குழிமேட்டில் பரஸ்கா சருகு வாரிக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து நின்று விடைகொடுக்கும் மெட்டை முழுசாக ஊதினார். முடிந்ததும் அவள் அழுவாள், தனக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்திருக்கிறார் போலும். அவள் வாருவதை நிறுத்தவில்லை.

“யாருக்கு ஊதுன?”

“மிகித்தாவுக்குத்தான்.”

“அவரு செத்துட்டாரு, அவருக்குக் கேக்காது. கேக்க வேண்டியவங்க ஆபீசுல இருக்காங்க. இங்க வந்து ஊதினா உனக்கு நல்லா தூக்கம் வரும், வேற என்ன?”

லாவோன் கொம்பை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

மறுநாள் காலை, எல்லோரும் தேநீருக்கு எழும் நேரத்தில், லாவோன் சீருடையோடு அலுவலக முற்றத்தின் நடுவில் நின்று கொம்பை உயர்த்தினார். அது இறந்தவருக்கான மெட்டு என்று அந்தக் காட்டில் தெரியாதவர்கள் கிடையாது. ஜன்னல்கள் திறந்தன. ஆட்கள் படியில் கூடினார்கள். துணை இயக்குநர் பதறி இறங்கி வந்தார்.

“யாரு செத்தது, லாவோன்?”

“மிகித்தா ஹ்ரின்கேவிச், ஐயா. ஆறு வருஷமாச்சு.”

புல் வண்டியடியில் நின்ற நீலச் சட்டைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். படியில் நின்றவர்களில் இருவர் மட்டும் கழற்றினார்கள். துணை இயக்குநர் முகம் சிவந்து, கொம்பை உள்ளே மேசைமேல் வைத்துவிட்டுப் போகும்படி சொன்னார். லாவோன் வைத்துவிட்டு வந்தார். அதன்பிறகு அது அவர் கைக்குத் திரும்பவில்லை. கல்லில் இன்றுவரை மிகித்தாவின் பெயரும் இல்லை.

லாவோனுக்குப் பெருமை வந்ததா என்றால், இல்லை. இதற்கு வேண்டியிருந்தது சில மூச்சுக் காற்றுதான், அதைப்போய் ஆறு வருடம் பூட்டிவைத்திருந்தோமே என்று கூசினார். தொப்பியைக் கையில் பிடித்து நின்ற அந்த ஆட்களைப் பார்த்தபோது இன்னும் சிலர் நினைவுக்கு வந்தார்கள். வேலி கட்டும்போது மரம் விழுந்து செத்த ஸ்தெப்கா. கன்றுகளின் பால்புட்டிகளைக் கழுவிக் கழுவியே கை விரல்கள் கோணிப்போன ஹன்னா. அவர்கள் அடக்கத்துக்கும் லாவோன் போயிருந்தார், கொம்பை எடுத்துப்போக வேண்டும் என்ற நினைப்புகூட இல்லாமல். இப்போது நினைப்பு வந்துவிட்டது, கொம்பு இல்லை.

உங்கள் பள்ளியிலோ, ஆலையிலோ, மருத்துவமனையிலோ இப்படி ஒருவர் தேய்ந்து செத்திருப்பார். அவருடைய கல்லறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு மூக்குமூடி இல்லை என்று சொன்ன மேசை எதுவோ, அதன் முன்னால் நாளைக் காலை போய் நின்று, அவருடைய முழுப்பெயரை உரக்கச் சொல்லுங்கள். உங்கள் கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொள்வதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.