தண்ணீர் தெரிகிற வீடு

என் கணவர் வீடு பார்க்கிற விதமே தனி. மற்றவர்கள் உள்ளே நுழைந்ததும் கூரையைப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள், வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள். இவர் குனிவார். சுவரின் அடிப்பகுதியை முழங்கால் உயரம் வரை விரலால் தடவிக்கொண்டே அறை அறையாக நடப்பார். அப்புறம் பிளக் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பார். இவர் கரையான் தேடுகிறார் என்று நினைத்து, "கரையான்லாம் இல்ல சார்" என்று முந்திக்கொண்டு சத்தியம் செய்த ஏஜெண்டுகள் உண்டு.

அவர் தேடுவது தண்ணீர்க் கோடு. சிகாமட்டில் ஆற்றுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். பள்ளிக்கூட வயதில், ஒரு வருடக் கடைசியில், ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது. அவருடைய அம்மா அரிசி மூட்டையை அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் கட்டில் மிதந்ததாம். ஒன்பது நாள் பள்ளி மண்டபத்தில் படுத்திருந்துவிட்டு வீடு திரும்பினால், சுவர் முழுக்கப் பழுப்பாக ஒரு கோடு. தேய்த்துக் கழுவினார்கள், சாயம் அடித்தார்கள். அடுத்த மாதமே சாயத்தைத் தாண்டி அது எட்டிப் பார்த்தது.

அன்றிலிருந்து மழை பெய்தால் அவருக்குத் தூக்கம் கிடையாது. பதினான்கு வருடக் குடித்தனத்தில், மழைச் சத்தத்தில் அவர் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை. தெப்ராவில் நாங்கள் வாடகைக்கு இருந்தது லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டின் நான்காவது மாடி. அங்கேயும் மழை வந்தால் எழுந்துபோய் ஜன்னலோரம் நிற்பார். எந்த ஆறு இத்தனை படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வரப்போகிறது என்று கிண்டல் செய்வேன். சிரிப்பார், ஆனால் நகரமாட்டார். இப்படிப்பட்ட மனிதரிடம்தான் எனக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு வேண்டும் என்று கேட்டேன்.

அந்த ஏரியை நான் முதலில் பார்த்தது ரயிலிலிருந்து. அம்மா வீடு குளுவாங்கில் இருக்கிறது. மாதம் இரண்டு முறை போய்வருவேன். ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக ஓடி, கண் சொக்கிப்போகிற நேரத்தில் சட்டென்று வரிசை அறுந்து தண்ணீர் தெரியும். கரையோரம் சில கூரைகள். தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் ஒரு மரம், அதன்மேல் ஒரு கொக்கு. நான்கைந்து மூச்சு விடுவதற்குள் செம்பனை மறுபடி மூடிவிடும். உண்மையிலேயே பார்த்தேனா, தூக்கக் கலக்கமா என்று சில நாள் சந்தேகமாகவே இருக்கும். அந்தக் கூரைகளுக்குக் கீழே இருப்பவர்கள் சத்தம் போட்டுச் சண்டை போடமாட்டார்கள், அவர்கள் வீட்டில் சோறு அடிப்பிடிக்காது என்றெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் போனில் வீட்டு விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தச் சாய்ந்த மரம் வந்தது. அப்படியே போனைக் கணவரிடம் நீட்டினேன்.

நாற்பது வீடு இருக்கும் சின்னத் தாமான் குடியிருப்பு அது. அந்தத் தண்ணீர் எஸ்டேட்டுக்காக எப்போதோ தேக்கி வைத்தது. வீடுகள் வந்தபிறகு அதற்கு ஏரி என்று பதவி உயர்வு கிடைத்திருந்தது. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வேலைக்கு வேறெங்கோ போகிறவர்கள். சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் விடிவதற்கு முன்பே வந்துவிடும். பிறகு ரயிலுக்குப் போகிறவர்கள், அப்புறம் பள்ளிக்கூட வேன். பகல் முழுக்க அந்த ஏரியைப் பார்க்க உடும்புகளும் பூனைகளும்தான் மிச்சம்.

வீட்டுக்காரர் ஒரு சீனப் பெரியவர், தனி ஆள். மகளோடு இருக்கப் போவதால் வீட்டை விற்கிறார். பின்வாசலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். கொஞ்சம் புல், பிறகு அவர் மீன்பிடிக்கத் தன் கையாலேயே கட்டிய ஏழு சிமெண்ட் படிகள். கடைசிப் படியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. எதற்காக வந்தோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, உள்ளேயிருந்து கணவரின் குரல் கேட்டது.

"இங்க வா. கோடு."

அடுப்படிச் சுவரில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, பழுப்பாக ஒரு தடம் பின்வாசல் வரை நீண்டிருந்தது. அவர் விரல் அதன்மேலேயே இருந்தது.

"சிகாமட்ல பொறந்தவன்கிட்ட இத மறைக்க முடியாதுலா. இந்த வீட்ல தண்ணி ஏறியிருக்கு."

அவர் சுவரைக் காட்டி வெள்ளமா என்று மலாயில் கேட்டதும் பெரியவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பஞ்சிர்? மானா அடா! அஞ்சிங் லா!" வெள்ளமெல்லாம் ஏது, அது நாய் என்றார். பதின்மூன்று வருடம் வளர்த்த நாய்க்குக் கடைசியில் கண் தெரியாமல் போய்விட்டதாம். சுவரை உரசிக்கொண்டேதான் சாப்பாட்டுத் தட்டுக்கும் பின்வாசலுக்கும் நடக்குமாம். அதன் உடம்பு அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து படிந்த தடம் அது. நாய் செத்து ஒரு வருடமாகியும் துடைக்க மனம் வரவில்லை என்று சொன்னபோது அவர் சிரிப்பு நின்றிருந்தது.

நான் நம்பினேன். என் கணவர், "எல்லாத்துக்கும் ஒரு கதை வச்சிருப்பாங்க" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

காரில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெள்ளம் வந்தா ஒரே ஒரு சுவத்துக்கு மட்டுமாங்க வரும்?"

"மத்த சுவத்துக்கெல்லாம் சாயம் அடிச்சிருப்பாரு."

"இத மட்டும் உங்களுக்காக விட்டு வச்சாரா?"

நான் அழுதுவிட்டேன். நாற்பது தாண்டிய பெண் ஒரு குளத்துக்காக அழுவது வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. எனக்கு நகை வேண்டாம், ஊர் சுற்ற வேண்டாம், அந்தத் தண்ணீரைத் தினம் பார்த்தால் போதும் என்றேன். ரொம்ப தூரம் வந்தபிறகு அவர், "மழையில பாக்கணும்" என்றார்.

மழை வந்த சனிக்கிழமைகளில் போனோம். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பெரியவர் பின்பக்கத்தில் தகரக் கூரை போட்ட அஞ்சடியில் மூன்று நாற்காலி போட்டு, பால் இல்லாத கோப்பி-ஓ கலக்கிக் கொடுத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்துகொள்வார். மழை வலுத்ததும் எதிர்க்கரை முதலில் மறையும், பிறகு சாய்ந்த மரம். தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே நிறம் வந்துவிடும். காலையா மாலையா என்று தெரியாமல், பேச்சும் வேண்டியிராமல், அப்படியே உட்கார்ந்திருப்பேன். என் கணவர் மட்டும் குடையோடு படியில் நிற்பார். கீழ்ப்படிகள் இரண்டு மூழ்கும். மழை விட்டால் மெல்ல வெளியே வரும். மூன்றாவது முறை அவர் ஏரியைச் சுற்றி நடந்துபோய், மிச்சத் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, தொடை வரை சேற்றோடு வந்தார்.

அன்று திரும்பும் வழியில், "எடுத்துக்கலாம்" என்றார்.

"எப்படிங்க?"

"சிகாமட்ல வீட்லேருந்து ஆறு தெரியாது மா. திடீர்னு வாசல்ல வந்து நிக்கும். இங்க கண்ணு முன்னாலயே இருக்கு. பாத்துக்கிட்டே இருக்கலாம்."

நான் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பயம் போய்ச் சம்மதிக்கவில்லை, பயத்தோடு காவலிருக்கத் தோதான இடம் பார்த்திருக்கிறார் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போதும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு ஆசை எனக்கு.

பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். அவர் முதல் வேலையாகக் குளிர்சாதனப் பெட்டியைச் செங்கல்மேல் ஏற்றினார். அடுப்படிச் சுவரைத் தேய்த்துக் கழுவி, தானே சாயம் அடித்துவிட்டு, மூன்று மாதம் தினமும் குனிந்து பார்த்தார். நாய் திரும்பி வரவில்லை.

விடியலில் ஏரிமேல் பனி படிந்திருக்கும். அவர் என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு தெப்ராவுக்குக் காரை ஓட்டுவார். நான் ஜொகூர் பாருவுக்கு ரயில் ஏறுவேன். ரயில் எங்கள் ஏரியைக் கடக்கும்போது எங்கள் கூரையும், கொடியில் நான் காயப்போட்ட துணியும் தெரியும். அங்கே யாரோ நிம்மதியாக இருக்கிறார்கள் என்று இன்னமும் தோன்றும். அது நான்தான் என்று நினைத்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகும்.

வருடக் கடைசி மழை வந்தது. மூன்று நாள் விடவில்லை. இரண்டு இரவு அவர் படுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டதும் மறுபடி பின்பக்க நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "நீ போய் படு. நான் பாத்துக்குறேன்" என்றார். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. என் ஆசைக்கு இவர் தூக்கம் போகிறதே என்று புரண்டுகொண்டே கிடந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்துபோய்ப் பார்த்தால், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு வருடத்தில் முதல் முறை. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது எனக்கு.

பிறகுதான் ஏரியைப் பார்த்தேன். கீழிருந்து நான்கு படிகளைக் காணவில்லை. ஐந்தாவது படியின் விளிம்பில் தண்ணீர் வந்து வந்து போனது. இத்தனை வருடம் மழையில் அவருக்கு என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படியும் அவர் பாதிக் கண்ணைத் திறந்தார்.

"எவ்ளோ வந்திருக்கு?"

"அப்படியேதாங்க இருக்கு. தூங்குங்க."

அவர் நம்பினார். தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார். நான் ஐந்தாவது படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.