முடிச்சுப் போடாத ஒயர்

என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டதால்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து மூன்றில் கொல்லிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கே கம்ப்யூட்டர் வந்ததும் ஒயர் இழுக்கும் வேலையும் எனக்கு வந்தது. எந்த ஒயர் எந்த மேசைக்கு என்று இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பேளுக்குறிச்சி சந்தைக்கு மிளகு மூட்டை ஏற்றும்போது, எங்கள் மூட்டை என்று தெரிய வாய்க்கயிற்றில் முடிச்சுப் போடுவோம். அதே போல ஒயர்களில் நூல் கட்டினேன். லேபுக்கு இரண்டு முடிச்சு. சீட்டுக் கொடுக்கும் கவுன்டருக்கு நான்கு.

நோயாளிகளின் விவரமெல்லாம் சர்வர் என்ற ஒரு மெஷினில் இருந்தது. எல்லா மேசையிலிருந்தும் அதைப் பார்க்க முடிந்தது. அது கூடாது என்று பெரிய டாக்டர் சேலத்திலிருந்து ஓர் இன்ஜினியரை வரவழைத்தார்.

அவர் என் நூல்களைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்கண்ணா, கம்ப்யூட்டருக்குத் தாயத்தா?"

"அடையாளத்துக்குங்க."

அவர் சர்வர் அறையில் ஒயர் செருகும் பெட்டிகள் இரண்டு வைத்தார். வெள்ளைப் பெட்டியில் சர்வர், டாக்டர், லேப். கருப்புப் பெட்டியில் கவுன்டரும் ஆபீஸும். "கருப்புல இருக்கறவங்க இனி சர்வர் பக்கமே எட்டிப் பாக்க முடியாது. மாத்திச் செருகிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி இடியில் இரண்டு ஒயர் கருகிப்போயிற்று. அன்றைக்கே புதிது இழுத்தேன். நூல் தீர்ந்திருந்தது, நாளைக்குக் கட்டலாம் என்று விட்டேன். கண்ணில் பட்ட காலித் துளைகளில் இரண்டையும் செருகினேன். எல்லாம் ஓடியது, யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

கார்த்திகையில் எங்கள் மலையின் பெரக்கரை நாட்டுப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து கத்தினார். "எந்தங்கச்சிக்கு டி.பி.ன்னு அவளுக்கே நீங்க இன்னும் சொல்லலை. ஊரே பேசுது! பொண்ணு பாக்க வர்றேன்னவங்க வரலை!"

பெரிய டாக்டர் லேபில் வேலை செய்த பெண்ணைக் கூப்பிட்டார். "கவுன்டர்ல பாக்க வழியே இல்லை. நானும் நீயும்தான் பாக்க முடியும். நான் சொல்லலை."

அவள் வெளியே வந்து என்னிடம் நின்றாள். தினமும் அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வருபவள். "அண்ணா, நீங்கதானே ஒயர் போட்டீங்க. வேற வழி இல்லீங்களா?"

"எனக்கென்னங்க தெரியும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் இடி ஞாபகம் வந்தது. சர்வர் அறைக்குப் போய் முடிச்சில்லாத இரண்டு ஒயரையும் கையால் தடவிக்கொண்டே போனேன். ஒன்று வெள்ளைப் பெட்டியில் தொடங்கி, சுவரோரமாக ஓடி, கவுன்டர் மேசைக்கடியில் போய் முடிந்தது. கவுன்டரில் இருப்பவர்களாலும் இத்தனை நாள் சர்வரைப் பார்க்க முடிந்திருக்கிறது.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒயரைப் பிடுங்கிக் கருப்புப் பெட்டியில் செருகினேன். தப்பைச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டதால் இன்ஜினியர் வந்து பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு. கவுன்டர்ல இருந்து போகவே முடியாதுங்க." அவர் பார்த்தது நான் மாற்றிய பிறகு. அவளுக்கு இருந்த ஒரே சாட்சியை நானே பிடுங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அடிவாரத்துக்குப் போகும் காரவள்ளி பஸ்ஸில் அவள் பையை நான்தான் ஏற்றினேன். "உங்களுக்காவது நம்பிக்கை இருக்குதுங்களா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கு மட்டும் தைரியம் இருந்தது. "வாரேங்கண்ணா" என்றாள்.

போன வாரம் பழைய ஒயர்களைக் கழற்றினோம். ஒன்றில் நான்கு முடிச்சு நூல் அறுபடாமல் இருந்தது. அவள் போன மறுநாள் நான் கட்டியது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்று காலை பெரிய டாக்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நூலை வாங்கிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது, ஐப்பசி பதினொன்று.